மாயன் காலண்டர்ல உண்மையிலயே என்ன எழுதிருக்கு, 2012 பயம் எங்கேருந்து வந்துச்சு

மாயன் காலண்டர்னு சொன்னதும் இன்னைக்கும் நெறைய பேருக்கு ஞாபகம் வர்றது 2012 டிசம்பர் 21தான். அன்னைக்கு உலகம் அழியப்போகுதுன்னு டிவியில சொன்னாங்க, யூட்யூப்ல சொன்னாங்க, பசங்க ஸ்கூல்ல பேசிக்கிட்டாங்க, அந்த நாளும் வந்துச்சு, போச்சு, ஒண்ணும் ஆகல, உடனே எல்லாரும் மாயன்கள் சொன்னது பலிக்கலன்னு சொல்லிட்டு அவங்கவங்க வேலைய பாக்க போயிட்டாங்க. எனக்கு வருத்தமே அந்த கடைசி பேச்சுதான். மாயன்கள் அப்படி ஒண்ண சொல்லவே இல்ல. ஆயிரத்து சொச்சம் வருஷத்துக்கு முன்னாடி வெறும் கண்ணால வானத்த பாத்து அவ்ளோ அழகா ஒரு கணக்கு போட்டு வச்ச ஜனங்க மேல, அவங்க சொல்லாத ஒரு ஜோசியத்த ஏத்தி, அது பலிக்கலன்னு அவங்களையே குத்தம் சொல்றது ரொம்ப அநியாயம். அதனால இத முதல்லருந்து, ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி எழுதலாம்னு தோணுச்சு.

மாயன்கள் யாருன்னு முதல்ல பாத்துரலாம். இன்னைக்கு மெக்சிகோவோட தெற்கு பக்கம், குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் இந்த ஏரியாவுல வாழ்ந்த, இன்னும் வாழ்ந்துட்டு இருக்குற மக்கள். வாழ்ந்துட்டு இருக்குறங்கறத அழுத்தி சொல்றேன், ஏன்னா மாயன்கள் மாயமா மறைஞ்சு போயிட்டாங்கன்னு ஒரு கதை சுத்துது. அப்படியெல்லாம் இல்ல. கி.பி. 800, 900 வாக்குல தெற்கு பக்கம் இருந்த பெரிய நகரங்கள் ஒண்ணொண்ணா காலியாச்சு, வறட்சி, ராஜாக்களுக்குள்ள ஓயாத சண்டைன்னு காரணங்கள் சொல்றாங்க, ஆனா ஜனங்க எங்கயும் போகல. கிச்சே, யுகாட்டெக், கெக்சி, கக்சிகெல்னு சுமார் 30 மாயன் மொழிகள் இன்னைக்கும் லட்சக்கணக்கான பேர் வாயில இருக்கு. 1992ல அமைதிக்கான நோபல் பரிசு வாங்குன ரிகோபெர்த்தா மென்ச்சு கிச்சே மாயன்தான்.

சரி, காலண்டருக்கு வருவோம். மாயன் காலண்டர்னு ஒரே ஒரு காலண்டர் கிடையாது, பல கணக்குகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து ஓடும். முதல் கணக்கு 260 நாள், இத ஆராய்ச்சியாளர்கள் ட்சோல்கின்னு சொல்வாங்க. 1லருந்து 13 வரைக்கும் நம்பர் ஒரு பக்கம், 20 நாள் பேர் இன்னொரு பக்கம், ரெண்டும் சேந்தே நகரும். 1 இமிஷ், 2 இக்னு ஆரம்பிச்சு 13 பென் வரைக்கும் போகும், அடுத்த நாள் நம்பர் திரும்ப 1 ஆயிடும் ஆனா பேர் அடுத்ததுக்கு போயிடும், அதாவது 1 இஷ். இப்படி போயி அதே நம்பரும் அதே பேரும் திரும்ப சேர 260 நாள் ஆகும். ஏன் 260ன்னா, குழந்தை வயித்துல இருக்குற காலத்தோட இது ஒட்டி வருதுன்னு குவாத்தமாலா மலைப்பகுதில இன்னைக்கும் சொல்றாங்க. ஒரு குழந்தை எந்த நாள்ல பொறந்துச்சோ அந்த நாளுக்குன்னு ஒரு குணம் இருக்குன்னும் நம்புவாங்க, நல்ல காரியத்துக்கு நாள் பாக்குறதும் இந்த கணக்குலதான்.

ரெண்டாவது 365 நாள் கணக்கு, பேரு ஹாப். ஒவ்வொண்ணும் 20 நாள் இருக்குற 18 மாசம், அது 360 ஆச்சா, மிச்சம் 5 நாள் வருஷக் கடைசில தனியா நிக்கும். அந்த 5 நாளுக்கு வயெப்னு பேரு, ஆகாத நாளுங்கன்னு நெனச்சு அடக்கி வாசிப்பாங்க. இந்த 365ஐயும் அந்த 260ஐயும் சேத்து ஓட்டுனா ஒரு நாளுக்கு ரெண்டு பேர் கெடைக்கும், உதாரணமா 4 அஹாவ் 8 கும்கு. இதே ஜோடி திரும்ப வரணும்னா 18,980 நாள் ஆகணும், அதாவது ஏறக்கொறைய 52 வருஷம்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு டக்குனு புரியும். நம்ம பஞ்சாங்கத்துல பிரபவலருந்து அட்சய வரைக்கும் 60 வருஷப் பேர் இருக்குல்ல, ஒரு பழைய கல்வெட்டுலயோ பத்திரத்துலயோ வெறும் நந்தன வருஷம்னு மட்டும் போட்டிருந்தா அது 1952ஆ 2012ஆ, இல்ல அதுக்கும் முன்னாடி உள்ளதான்னு எப்படி கண்டுபிடிப்பீங்க? வேற ஒரு தொடர் எண் வேணும், சக வருஷம் மாதிரி. மாயன்களுக்கும் இதே பிரச்சனதான், 52 வருஷத்துக்கு ஒருக்கா அதே பேர் வந்துரும். ஒரு ராஜா தன் கொள்ளுத்தாத்தா பட்டம் கட்டுன நாளையும் தான் பட்டம் கட்டுன நாளையும் ஒரே கல்லுல செதுக்கணும்னா குழப்பமாயிரும்ல. அதுக்கு வந்ததுதான் மூணாவது கணக்கு, நீள் எண்ணிக்கை. 2012 ரகளை மொத்தமும் இத வச்சுதான்.

நீள் எண்ணிக்கைல ஒண்ணுதான் விஷயம், ஒரு தொடக்க நாள்லருந்து இன்னைக்கு வரைக்கும் மொத்தம் எத்தன நாள் ஆச்சுன்னு எண்ணிட்டே போறது. நமக்கு 10, 100, 1000 மாதிரி அவங்களுக்கு 20ஐ அடிப்படையா வச்சு அலகு. ஒரு நாள் ஒரு கின். 20 கின் ஒரு வினால். 18 வினால் ஒரு தூன், அதாவது 360 நாள், இங்க மட்டும் 20க்கு பதிலா 18 வச்சது வருஷத்துக்கு கிட்ட வரணும்னுதான். 20 தூன் ஒரு கத்தூன், 7,200 நாள். 20 கத்தூன் ஒரு பக்தூன், 1,44,000 நாள், கிட்டத்தட்ட 394 வருஷம். தேதிய எழுதும்போது பெருசுலருந்து சின்னதுக்கு எழுதுவாங்க, 9.13.0.0.0ன்னா 9 பக்தூன் 13 கத்தூன் ஆயிருச்சுன்னு அர்த்தம், அது கி.பி. 692. அந்த பூஜ்யத்த கவனிங்க, பூஜ்யத்துக்குன்னு தனி குறியீடே வச்சிருந்தாங்க, சிப்பி மாதிரி ஒரு படம். புள்ளி வச்சா 1, கோடு போட்டா 5, சிப்பி போட்டா 0, இந்த மூணே மூணு குறிய வச்சு எவ்ளோ பெரிய எண்ணையும் எழுதிருவாங்க. எனக்கு இத முதல் தடவ படிச்சப்ப வந்த சந்தோஷம் இன்னும் போகல.

அந்த தொடக்க நாள் எது? நம்ம இப்ப யூஸ் பண்ற காலண்டர்ல சொன்னா கி.மு. 3114 ஆகஸ்ட் 11. அன்னைக்கு அவங்க எழுதுன தேதி 13.0.0.0.0, 4 அஹாவ் 8 கும்கு. அப்ப மாயன் நகரமோ எழுத்தோ எதுவும் இல்ல, இது பின்னாடி வந்தவங்க கணக்கு போட்டு பின்னால தள்ளி வச்ச ஒரு புராண நாள், இப்ப இருக்குற உலகம் படைக்கப்பட்ட நாளா அத சொன்னாங்க. 13னு ஏன் ஆரம்பிக்குதுன்னா, அதுக்கு முன்னாடி இருந்த ஒரு காலகட்டம் 13 பக்தூன் ஆனதும் நெறஞ்சுச்சுன்னு கணக்கு. இப்ப அதே 13 பக்தூன கூட்டிப் பாருங்க, 13 பெருக்கல் 1,44,000, மொத்தம் 18,72,000 நாள், 5,125 வருஷமும் கொஞ்ச நாளும். கி.மு. 3114 ஆகஸ்ட்லருந்து அவ்ளோ நாள் எண்ணுனா 2012 டிசம்பர் 21ல வந்து நிக்கும். திரும்பவும் 13.0.0.0.0. அந்த தேதிக்கு பின்னாடி இருக்குற கணக்கு இவ்ளோதான், வேற ரகசியம் எதுவும் இல்ல.

நம்ம தேதியோட அவங்க தேதிய பொருத்துறது லேசுல நடக்கல. ஜெர்மனில டிரெஸ்டன் நூலகத்துல ஒரு பழைய மாயன் ஏடு இருக்கு, அங்க நூலகரா இருந்த எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன் 1800களோட கடைசில அத வச்சே நீள் எண்ணிக்கை எப்படி வேல செய்யுதுன்னு கண்டுபிடிச்சாரு. அப்பறம் ஜோசப் குட்மன்னு அமெரிக்காவுல பத்திரிகை ஆசிரியரா இருந்தவரு, மெக்சிகோவுல ஹுவான் மார்ட்டினெஸ், இங்கிலாந்துல எரிக் தாம்சன், இவங்க மூணு பேரும் அவங்கவங்க காலத்துல திருத்தி திருத்தி ரெண்டு காலண்டரையும் பொருத்துனாங்க. மூணு பேர் பேரையும் சேத்துதான் இந்த பொருத்தத்துக்கு பேரே. டிரெஸ்டன் ஏட்டுல வெள்ளி கிரகத்துக்கே ஒரு அட்டவணை இருக்கு, பூமிலருந்து பாக்குறப்ப வெள்ளி ஒரு சுத்து வந்து திரும்ப அதே மாதிரி தெரியறதுக்கு 584 நாள்னு வச்சிருக்காங்க, இன்னைக்கு நம்ம கணக்கு 583.92. அப்படி 5 சுத்து வந்தா சரியா 8 வருஷம், ரெண்டு பக்கமும் 2,920 நாள். கிரகணம் எப்ப வரலாம்னும் அட்டவணை இருக்கு. இந்த மாதிரி ஏடுகள் எவ்ளோ இருந்திருக்கும்! 1562ல யுகாட்டான்ல மனின்ற ஊர்ல டியேகோ தெ லாண்டான்ற ஸ்பானிஷ் பாதிரியார் கெடச்சதையெல்லாம் கொளுத்திட்டாரு. இன்னைக்கு மிஞ்சிருக்குறது நாலே நாலு.

இப்ப முக்கியமான கேள்வி, 13 பக்தூன் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுருமா? மாயன்களே இதுக்கு பதில் செதுக்கி வச்சிருக்காங்க. மெக்சிகோவுல பலென்கேன்ற நகரத்துல பகால்னு ஒரு பெரிய ராஜா, 615ல பட்டத்துக்கு வந்து 683ல செத்தாரு. அவரோட சமாதி கோயில் கல்வெட்டுல, தான் பட்டம் கட்டுன நாளோட ஆண்டு நிறைவு வருங்காலத்துல எப்ப வரும்னு கணக்கு போட்டு ஒரு தேதி இருக்கு. அது எந்த வருஷம் தெரியுமா, கி.பி. 4772 அக்டோபர். பக்தூனுக்கு மேல இருக்குற அடுத்த அலகு நெறையிறதும் அதே மாசத்துலதான், ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாரம்தான் வித்தியாசம், அதனாலதான் அந்த நாள தேடிப் பிடிச்சு எழுதிருக்காங்க. 2012ல உலகம் முடியும்னு நெனச்சவங்க 4772ல தங்கள் ராஜாவோட விழாவுக்கு தேதி குறிப்பாங்களா? மெக்சிகோவுலயே கோபாங்கற ஊர்ல ஒரு கல்லுல இன்னும் போயிருக்காங்க, பக்தூனுக்கு மேல வரிசையா அலகுக்கு மேல அலகா அடுக்கி எல்லாத்துலயும் 13 போட்டு வச்சிருக்காங்க, அத நெறைய விடணும்னா இந்த பிரபஞ்சத்தோட வயசெல்லாம் பத்தாது.

பக்தூன் முடியிறது அவங்களுக்கு விழா. கி.பி. 435ல 9வது பக்தூன் முடிஞ்சத ஹோண்டுராஸ்ல இருக்குற கோப்பான் நகரத்துல கல்லுல பதிச்சு கொண்டாடிருக்காங்க. 1618 செப்டம்பர்ல 12வது முடிஞ்சுது, அப்ப நீள் எண்ணிக்கைல தேதி போடுற பழக்கமே விட்டுப் போயி பல நூறு வருஷம் ஆயிருந்துச்சு, கடைசியா கெடச்சிருக்குற நீள் எண்ணிக்கை தேதி டோனினான்ற ஊர்ல, கி.பி. 909.

2012ஐ நேரடியா சொல்ற கல்வெட்டுன்னு பாத்தா விரல் விட்டு எண்ணிரலாம். அதுல பெரிசா பேசப்பட்டது மெக்சிகோ தபாஸ்கோ மாநிலத்துல டோர்டுகெரோ, நினைவுச்சின்னம் 6. அந்த எடத்துல சிமென்ட் ஃபேக்டரி வேலைல பழைய கட்டடங்கள் பெரும்பாலும் நாசமாயிருச்சு, இந்த கல்லும் துண்டு துண்டா ஒடஞ்சுதான் கெடச்சுது. 669ல ஒரு கட்டடத்த திறந்து வச்சத பத்தி பேசுற கல்லு அது. அத பேசிட்டு, இனி 13வது பக்தூன் நெறையும், அன்னைக்கு போலோன் யோக்தேன்ற தெய்வம் சம்பந்தமா ஒண்ணு நடக்கும்ங்கற மாதிரி முடியுது, சரியா அந்த எடத்துலதான் கல்லு சேதம். அந்த தெய்வத்த அலங்கரிச்சு சடங்கு பண்றத சொல்லுதுன்னுதான் கல்வெட்டு படிக்கிறவங்க சொல்றாங்க. வெள்ளமோ நெருப்போ அழிவோ அதுல ஒரு எழுத்து கிடையாது.

ரெண்டாவது கல்வெட்டு வெளிய வந்ததே 2012லதான், குவாத்தமாலா காட்டுக்குள்ள லா கொரோனான்ற எடத்துல. இது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. கலக்முல்னு ஒரு பெரிய ராஜ்ஜியம், அதோட ராஜா 695ல எதிரி நகரமான திக்கால்கிட்ட போர்ல பயங்கரமா தோத்துட்டாரு. அவர் செத்துட்டாருன்னு கூட ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாள் நெனச்சிருந்தாங்க. ஆனா தோத்த அடுத்த வருஷமே, 696ல, அவர் லா கொரோனாவுக்கு வந்திருக்காருன்னு அந்த படிக்கட்டு கல்லு சொல்லுது. கூட்டாளி ஊர்களுக்கெல்லாம் போயி, நான் இன்னும் இருக்கேன், பயப்படாதீங்கன்னு தைரியம் சொல்ல வந்திருக்கணும். அவர் ஆட்சில 692ல 13வது கத்தூன் நெறஞ்சிருந்துச்சு, அதனால தன்ன 13 கத்தூனோட அரசன்னு சொல்லிக்கிட்டாரு. அந்த 13ஐயும், என்னைக்கோ வரப்போற 13வது பக்தூனையும் ஒண்ணா கோத்து, என் ஆட்சி காலத்தோட பெரிய ஓட்டத்துல ஒரு பகுதின்னு காட்டிருக்காங்க. நெருக்கடில இருக்குற ஒரு ராஜாவோட அரசியல் அது. ஆட்டம் கண்ட நேரத்துல அந்த மக்கள் அழிவ பத்தி பேசல, இது தொடரும்னு பேசிருக்காங்க.

அதே வருஷம் குவாத்தமாலாவுல ஷுல்தூன்ங்கற எடத்துல 9ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல வரைஞ்ச ஒரு சுவர் வெளிய வந்துச்சு, ஒரு சின்ன அறை, சுவர் முழுக்க நிலா கணக்கு, கிரக கணக்கு. காலண்டர் போடுறவங்க கரும்பலகை மாதிரி சுவத்துல எழுதி எழுதி பாத்திருக்காங்க. அதுல இருக்குற சில எண்கள் சுமார் 7,000 வருஷ நீளத்துக்கு போகுது.

அப்ப மாயன்கள்கிட்ட தீர்க்கதரிசனமே இல்லையான்னா, இருந்துச்சு, ஆனா வேற மாதிரி. ஒரு கத்தூன் சுமார் 20 வருஷம், 13 கத்தூன் ஒரு சுத்து, சுமார் 256 வருஷம். போன சுத்துல இந்த கத்தூன்ல என்ன நடந்துச்சோ, பஞ்சமோ, சண்டையோ, நல்ல வெளச்சலோ, அதுமாதிரியே இந்த சுத்துலயும் நடக்கும்னு நம்பி யுகாட்டான் பக்கம் ஊர் ஊரா ஏடு எழுதி வச்சிருந்தாங்க. ஒவ்வொரு கத்தூனுக்கும் அது முடியிற நாளோட பேர்தான் பேரு, இதுல 8 அஹாவ் கத்தூன்னா கலங்கற காலம். மாயபான் நகரம் 1400களோட நடுவுல உள்நாட்டு கலவரத்துல விழுந்தது அந்த கத்தூன்லதான். அடுத்த 8 அஹாவ் 1697ல ஆரம்பிக்கணும். அப்ப ஸ்பெயின்காரனுக்கு அடங்காம மிஞ்சிருந்த கடைசி மாயன் ராஜ்ஜியம் இட்ஸாக்களோடது, பெத்தேன் ஏரி நடுவுல ஒரு தீவுல தலைநகரம். 1696ல அவெந்தான்யோன்ற பாதிரியார் அங்க போறாரு, இந்த கத்தூன் கணக்க அவரே படிச்சு வச்சிருந்தாரு, உங்க ஏடு சொல்ற நேரம் வந்துருச்சு, மதம் மாறிருங்கன்னு ராஜாகிட்ட அவங்க கணக்க வச்சே பேசுனாரு. 1697 மார்ச் 13ல ஸ்பானிஷ் படை அந்த தீவ புடிச்சுது, கத்தூன் மாறுறதுக்கு சில மாசம் முன்னாடி. உண்மையான மாயன் தீர்க்கதரிசனம்னா இதுதான், ஆட்சி மாறும், ஊர் விழும், காலம் திரும்ப சுத்தி வரும். பூமி வெடிச்சு சிதறும்ங்கறது அதுல எங்கயும் வராது. அந்த தீர்க்கதரிசனத்த கைல எடுத்து ஆயுதமா வீசுனது கூட வெளியருந்து வந்தவங்கதான்.

அப்ப 2012 பயம் எங்க முளைச்சுது? மூணு நாலு எடத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா சேந்துச்சு. டிரெஸ்டன் ஏட்டோட ஒரு பக்கத்துல வானத்துல ஒரு முதலை மாதிரி உருவம் வாயிலருந்து தண்ணிய கொட்டுற படம் இருக்கு, அத உலகம் அழியிற வெள்ளம்னு ஃபோர்ஸ்டெமன் சொல்லிட்டாரு. மழைக்காலத்த பத்தின படமாவும் இருக்கலாம்னு இப்ப வேற சில பேர் சொல்றாங்க, அதுல 2012னு எந்த தேதியும் இல்ல. கிச்சே மக்களோட போபோல் வூ நூல்ல, முதல்ல மண்ணால மனுஷன செஞ்சாங்க கரைஞ்சு போயிட்டான், அப்பறம் மரத்தால செஞ்சாங்க, அவங்க வெள்ளத்துல அழிஞ்சாங்க, கடைசில மக்காச்சோளத்துல செஞ்ச மனுஷங்கதான் நம்மன்னு கதை இருக்கு. இதையும் 13 பக்தூனையும் கோத்து, இந்த உலகமும் அந்த நாள்ல அழியும்னு மாயன்கள் நெனச்சிருக்கலாம்னு 1966ல மைக்கேல் கோன்ற பெரிய ஆராய்ச்சியாளர் எழுதுனாரு. அவர் நல்ல ஆராய்ச்சியாளர்தான், ஆனா அந்த ஒரு யூகம் வெளிய போயி தனியா வளந்துருச்சு. 1987 ஆகஸ்ட்ல ஹோசே ஆர்குவேயஸ்னு ஒருத்தர் உலகம் முழுக்க ஆளுங்கள மலை உச்சில கூட்டி தியானம் பண்ண வச்சாரு, 2012ல மனுஷ குலத்துக்கே புது விழிப்பு வரும்னாரு. அவர் சொன்னது விழிப்பு, அது கை மாறி கை மாறி அழிவு ஆச்சு. 2009ல அந்த வருஷத்தையே பேரா வச்சு ஒரு பெரிய ஹாலிவுட் படம் வந்துச்சு, அதுக்கு விளம்பரமா, மனித குலத்த காப்பாத்துற நிறுவனம்ங்கற மாதிரி ஒரு போலி வெப்சைட் போட்டாங்க, நெஜம்னு நம்பி பயந்தவங்க ஏகப்பட்ட பேர்.

இதுல இன்னொரு கூத்து, மாயன் காலண்டர்னு எல்லாரும் ஷேர் பண்ண அந்த வட்டக் கல்லு போட்டோ மாயனோடதே இல்ல. அது ஆஸ்டெக் மக்களோட சூரியக் கல்லு, 1790ல மெக்சிகோ சிட்டி நடுவுல தோண்டும்போது கெடச்சுது, 24 டன் எடை, இப்ப அங்க அருங்காட்சியகத்துல இருக்கு. ஆஸ்டெக் மக்கள் வேற, காலமும் வேற. அவங்களுக்கு அழிவு பயம் உண்மையிலயே இருந்துச்சு, 52 வருஷத்துக்கு ஒருக்கா எல்லா நெருப்பையும் அணைச்சுட்டு, புது நெருப்பு பத்துமா சூரியன் திரும்ப வருமான்னு ராத்திரி முழுக்க காத்திருப்பாங்க. அந்த பயத்தையும் மாயன் கணக்கையும் ஒண்ணா போட்டு கொழப்பிட்டாங்க.

அப்பறம் சயின்ஸ் மாதிரி வேஷம் போட்ட விஷயங்கள். நிபிருன்ற கிரகம் வந்து பூமில மோதும்னாங்க. இதுக்கும் மாயனுக்கும் சம்பந்தமே இல்ல, நான்சி லீடர்னு ஒருத்தர் வேற்றுகிரகவாசிகள் தனக்கு சேதி சொல்றதா சொல்லி 1995லருந்து ஆரம்பிச்சது, முதல்ல 2003 மே மாசம்னாங்க, நடக்கல, தேதிய தூக்கி 2012க்கு வச்சுட்டாங்க. அவ்ளோ பெரிய கிரகம் உண்மையிலயே வந்திருந்தா பல மாசம் முன்னாடியே வெறும் கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும், உலகத்துல இருக்குற லட்சக்கணக்கான அமெச்சூர் வானியல் ஆளுங்க கண்ணுல மண்ண தூவ எந்த அரசாங்கத்தாலயும் முடியாது. சூரியன் பால்வெளி மையத்தோட நேர்கோட்டுல வருதுன்னாங்க, அது ஒவ்வொரு டிசம்பர்லயும் அந்த பக்கமாத்தான் இருக்கு, டிசம்பர் 21 சூரியன் பால்வெளியோட நடுக்கோட்டுக்கு ரொம்ப நெருங்கி வந்தது கணக்குப்படி 1998ல, அப்பவும் ஒண்ணும் ஆகல. காந்தப் புலம் தலைகீழா மாறும்னாங்க, கடைசியா மாறி சுமார் 7,80,000 வருஷம் ஆச்சு, மாறுறதுக்கும் ஆயிரக்கணக்கான வருஷம் எடுக்கும், ஒரே நாள்ல ஆகாது. சூரியப் புயல் மட்டும் உண்மையான விஷயம், 1989ல கனடாவோட கியூபெக்ல மொத்த மாகாணத்துக்கும் கரண்ட் போச்சு அதனால. ஆனா 2012 டிசம்பருக்கும் அதுக்கும் தொடர்பு இல்ல, அந்த சுத்துல சூரியன் உச்சத்துக்கு போனது 2014 ஏப்ரல்ல, அதுவும் நூறு வருஷத்துல ரொம்ப மந்தமான சுத்துகள்ல ஒண்ணு.

இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குன்னு விட்டுரலாமேன்னு சில பேர் கேப்பாங்க. என்னால விட முடியல. 2012ல 21 நாட்டுல எடுத்த ஒரு சர்வேல 10 பேர்ல ஒருத்தர் மாயன் காலண்டர் உலக முடிவ காட்டுதுன்னு நெனச்சாங்க. நாசால டேவிட் மோரிசன்ற வானியலாளருக்கு சின்ன பசங்க கடிதம் எழுதிருக்காங்க, தூக்கம் வரல, சாப்பிட முடியல, அதுக்கு முன்னாடியே செத்துரலாமான்னு. அவரு வருஷக்கணக்கா உக்காந்து பதில் எழுதுனாரு. சீனாவுல ஒரு மதக் குழு அந்த தேதிய வச்சு ஆள் சேத்ததுன்னு ஆயிரம் பேர் கிட்ட கைது பண்ணாங்க. ஃப்ரான்ஸ்ல புகாராஷ்னு 200 பேர் இருக்குற ஒரு கிராமம், அந்த மலைக்குள்ளருந்து விண்கலம் வந்து காப்பாத்தும்னு வதந்தி, போலீஸ் மலைக்கு போற வழிய மூடி வச்சாங்க. குவாத்தமாலாவுல திக்கால்ல கூட்டம் கூடி, ஏறக்கூடாத கோயில்ல ஏறி அத சேதமாக்கிட்டாங்க, பன்னெண்டு நூற்றாண்டுக்கு மேல நின்ன கல்லு.

இது 2012ல புதுசா வந்த வியாதி இல்ல. 1844 அக்டோபர் 22ல ஏசு வருவாருன்னு வில்லியம் மில்லர் பேச்ச நம்பி அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பேர் காத்திருந்தாங்க, சில பேர் வெளச்சல அறுக்காமலே விட்டாங்க. 1910ல ஹேலி வால்நட்சத்திரத்தோட வாலுல விஷ வாயு இருக்குன்னு சொல்லி மாத்திரை வித்தாங்க. நம்ம நாட்டுலயே 1962 பிப்ரவரில எட்டு கிரகம் மகர ராசில கூடுதுன்னு, அஷ்டகிரக சேர்க்கைன்னு, ஊர் ஊரா யாகம் நடந்துச்சு, வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டு பாருங்க. தேதி தப்பா போனா நம்புனவங்க நம்பிக்கைய விடுறது கொறைவு, கணக்குல சின்ன பிழை இருந்துச்சு, தேதி மாறிருச்சுன்னுதான் சொல்வாங்க.

அதுக்கு நல்ல உதாரணம் 2020. கொரோனா நேரம், எல்லாரும் வீட்டுக்குள்ள பயந்து கெடந்தப்ப, மாயன் சொன்னது 2012 இல்ல 2020 ஜூன் 21தான்னு ஒண்ணு கிளம்புச்சு. அன்னைக்கு சூரிய கிரகணம் வேற. அவங்க சொன்ன கணக்கு, ஜூலியன் காலண்டர்லருந்து கிரிகோரியன் காலண்டருக்கு மாறும்போது வருஷத்துக்கு 11 நாள் காணாம போச்சு, 1752லருந்து 268 வருஷம், மொத்தம் 2,948 நாள், அது 8 வருஷம், ஆக 2012 தான் 2020னு. கேக்க கணக்கு மாதிரி இருக்கும். ஆனா அந்த 11 நாள் போனது இங்கிலாந்துல 1752ல ஒரே ஒரு தடவ, வருஷா வருஷம் இல்ல. அதோட நீள் எண்ணிக்கை வருஷத்த எண்ணுறதே இல்ல, நாள எண்ணுது, நீங்க தேதிக்கு என்ன பேர் வச்சாலும் விடியற நாள் எண்ணிக்கை மாறாது.

நம்ம ஊர்ல இதுல கலியுகத்தையும் சேத்து பேசுறவங்க உண்டு, கலியுகம் கி.மு. 3102, மாயன் கி.மு. 3114, 12 வருஷம்தான் வித்தியாசம், ஏதோ இருக்குன்னு. கலியுகத்துக்கு நம்ம நூல்கள் சொல்ற நீளம் 4,32,000 வருஷம், மாயனோடது 5,125. முடிவு எங்கயோ எங்கயோ இருக்கு, தொடக்கம் கிட்ட கிட்ட இருக்குறத மட்டும் எடுத்துக்கிட்டா எத வேணா எதோட வேணா கோக்கலாம்.

2012ல இவ்ளோ கூத்து நடந்தப்ப மாயன் மக்கள் என்ன சொன்னாங்கன்னு கேட்டவங்க கொஞ்சம் பேர்தான். குவாத்தமாலாவுல ஓஷ்லாஹுஹ் அஹ்போப்னு ஒரு மாயன் அமைப்பு, எங்க காலக் கணக்க வச்சு அரசாங்கமும் டூர் கம்பெனிகளும் காசு பாக்குறாங்க, இது அழிவு இல்ல, ஒரு சுத்து நெறஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிறதுன்னு கண்டிச்சாங்க. அந்த நாட்டு மலைப்பகுதில மொமோஸ்தெனாங்கோ மாதிரி ஊர்கள்ல அஹ்கிஹ்னு சொல்ற நாள் கணிப்பவங்க இன்னைக்கும் இருக்காங்க. நீள் எண்ணிக்கை எப்பவோ நின்னு போச்சு, ஆனா 260 நாள் கணக்க அவங்க விடல, ஸ்பெயின்காரன் வந்தப்பவும் விடல, ஏடுகள கொளுத்துனப்பவும் விடல. 8 பாட்ஸ்ன்ற நாள் வந்தா மலை மேல கூடி, கோபால்னு சொல்ற வாசனை மரப் பிசின் பொகையப் போட்டு சடங்கு பண்ணி, பயிற்சி முடிச்ச புது அஹ்கிஹ்கள சேத்துக்குவாங்க, 260 நாளைக்கு ஒருக்கா அது வரும்.

இப்ப நடக்கறது 14வது பக்தூன். அதோட முதல் கத்தூன் நெறையிறது 2032 செப்டம்பர் 7, பக்தூன் முழுசா நெறையிறது 2407 மார்ச் 26.